எண்பத்தைந்துக்கு முன்னால் ஒரு சுழி

"கிப்ட் எண்டு எழுது எண்டுதான் சொன்னனான். கடையின்ர ஸ்ராம்பைக் குத்து எண்டு நான்..."

"ஸ்ராம்ப் குத்தாமல் அனுப்ப அது என்ன களவெடுத்த சாமானோ அத்தான்? என்ர பேரிலை ஒரு..."

"பொறு பிள்ளை, நான் கதைக்கிறன்! அன்பளிப்பு எண்ட பெட்டிக்குள்ளை ஒரு சரி போட்டு, அதுக்குப் பக்கத்திலையே 'அருள்நாயகி சில்க்ஸ், வெள்ளவத்தை' எண்டு ஊதா மையிலை..."

"ஊதா இல்லை, நீலம்."

"நிறமோ இப்ப கேள்வி? உலகத்திலை எந்தச் சில்க்ஸ் கடை ஆளாளுக்கு அன்பளிப்பு அனுப்புது? லண்டன் சுங்கக் கந்தோரிலை இருந்தவன் மாடு மேய்க்கிறவனெண்டாலும் பார்சலைத் திறந்துதான் பாப்பான்!"

நமசிவாயம் அருள்நாயகியின் அக்கா புருஷன். கொச்சிக்கடையில் கப்பல் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கொம்பனியில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். சுங்க விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தைக் கேட்க அவருடைய வீட்டில் ஆளில்லாதபடியால் வாரத்தில் மூன்று நாள் மச்சாள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். "கிப்ட்" என்று எழுதினால் வரி விழாது என்ற பெரிய ஞானத்தை அருள்நாயகிக்கு உபதேசித்தவரும் அவர்தான்.

அருள்நாயகியின் கடைக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. காலி வீதியில் ஒரு கடையறைக்குக் கேட்ட முற்பணத்தைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதனால் இணையத்தில், உலகம் முழுக்க வாங்கி விற்கிற ஒரு சந்தையில், ஒரு பக்கம் எடுத்தாள். கட்டிலில் சேலையை விரித்துப் படம் பிடிப்பதும், ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிப் போடுவதும், கரைக்கு ஃபோல்ஸ் அடிப்பதும் கொட்டாஞ்சேனை மாக்ரெட்டின் வேலை. காசு சிங்கப்பூரில் இருக்கும் மாக்ரெட்டின் தம்பி ஒஸ்வால்ட்டின் கணக்குக்குப் போய் அங்கிருந்து வரும். இரண்டு வருடமாக லண்டன், டொரொன்டோ, ஒஸ்லோ என்று பார்சல் போனது. வாங்கினவர்கள் நட்சத்திரம் போட்டார்கள். இருநூற்றுப் பதினொரு பேர் போட்ட நட்சத்திரம். அவளுடைய சொத்தென்று சொல்ல இருந்தது அவ்வளவும்தான்.

ஆனால் எந்த நாட்டிலும் வாசலில் ஒருவன் நிற்கிறான். இவ்வளவு பெறுமதிக்குக் கீழே என்றால் விடுவான், மேலே என்றால் வரி. வரியோடு, அந்த வரியை வாங்கித் தருகிற கூலி என்று தபாற்காரரும் ஒரு தொகை கேட்பார்கள். பக்கத்தில் போட்ட விலை ஒன்று, வீட்டு வாசலில் கேட்கிற விலை இன்னொன்று. வாங்கினவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அரசாங்கத்துக்கு நட்சத்திரம் குறைக்க முடியாது. அருள்நாயகிக்குக் குறைக்கலாம். குறைத்தார்கள்.

டொரொன்டோவில் இருந்து ஒரு முறைப்பாடு, ஒஸ்லோவில் இருந்து ஒன்று. இப்போது லண்டனில் இருந்து மூன்றாவது.

மாக்ரெட் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள். கையில் அச்சடித்த தாள் இரண்டு.

"செக் பொயின்ற்ல பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் இறக்கிட்டான். பாமன்கடையில இருந்து நடந்து வாறேன்" என்றாள். "ரெண்டு பேரும் கத்துறது கீழ கேட் வரைக்கும் கேக்குது. பொலிஸ்காரன் வந்து வீட்டுல எத்தினை பேர் பதிஞ்சு இருக்கீங்கன்னு கேக்கப் போறான்."

"கேக்கட்டும். அத்தானைக் காட்டி, இவர் பொலிஸிலை பதியாத ஆள், கொண்டுபோங்கோ எண்டு சொல்லுறன்."

"சொல்லுவாய், சொல்லுவாய்" என்றார் நமசிவாயம். "படிச்ச மனுசன் சொன்னதை அரைவாசி செய்து, அரைவாசியை உன்ர புத்தியிலை செய்தால் இப்பிடித்தான்."

"முதல்ல இத வாசிக்கிறேன், பிறகு சண்டை பிடிங்க" மாக்ரெட் கதிரையில் உட்கார்ந்து தாளை நிமிர்த்தினாள். "சந்தைக்காரங்க எழுதியிருக்காங்க. மூணு மாசத்துக்குள்ள மூணு முறைப்பாடு. நாளைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள லண்டன் அம்மா தன்னோடத வாபஸ் வாங்கணும். இல்லாட்டி பக்கத்த மூடுவாங்க. திரும்பத் திறக்க மாட்டாங்க."

"எப்பவுமோ?"

"எப்பவுமே."

நமசிவாயம் சொன்னார்:

"ஒரு சீலைக்கு எவ்வளவு வரி வந்திடப் போகுது? எண்பத்தைஞ்சு பவுண் சீலைக்கு மிஞ்சிப்போனால் இருபது, இருபத்தைஞ்சு. அதுக்குப் போய் ஒரு மனுசி இப்பிடிக் குதிக்கிறதோ? லண்டனிலை இருந்தும் சில்லறைப் புத்தி போகேல்லை."

"இருபத்தஞ்சு இல்ல அங்கிள். தொண்ணூத்தெட்டு."

"என்ன?"

"தொண்ணூத்தெட்டு பவுண். இந்தா, வரிக் கந்தோர் அனுப்பின துண்டப் படம் எடுத்து அந்த அம்மா அனுப்பியிருக்கு."

நமசிவாயம் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். முப்பத்திரண்டு வருட அனுபவம் அந்தத் தாளின் மேல் குனிந்து பார்த்தது.

"அவங்களுக்கு விசர்" என்றார் கடைசியில். "சீலையை விட வரி கூட வருமோ?"

"வராது. ஆனா சீலை இருநூத்தி எண்பத்தஞ்சு பவுண்ன்னு போட்டிருக்காங்க. இந்தா பாருங்க, பெறுமதி: ரெண்டு, எட்டு, அஞ்சு."

"இருநூற்றி எண்பத்தைஞ்சோ? ஆர் சொன்னது?"

"அருள் சொன்னது."

"நானோ?" அருள்நாயகி எழுந்தே விட்டாள். "நான் வெளியிலை பத்துப் பவுண் எண்டு எழுதினனான். அத்தான் சொன்னபடி."

"வெளிய பத்து. உள்ள பில் வச்சியா இல்லையா?"

"வைச்சனான்."

நமசிவாயம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். "வெளியிலை பொய், உள்ளுக்கை உண்மை! பிள்ளை, பொய் சொல்லுறதெண்டால் அதையாவது ஒழுங்காச் சொல்லத் தெரியோணும்!"

"பில் இல்லாமல் சாமான் அனுப்பிறவள் கடைக்காரியே இல்லை அத்தான். நாளைக்குச் சீலையிலை ஒரு குறை எண்டால் என்னத்தைக் காட்டுவா அந்த மனுசி?"

"அந்த பில்லோட கொப்பியையும் வரிக் கந்தோர் துண்டோட அனுப்பியிருக்கு. அதையும் படம் எடுத்திருக்காங்க." மாக்ரெட் இரண்டாவது தாளை மேசையில் வைத்தாள். "இப்ப நீங்களே பாருங்க."

சின்னத் துண்டு பில். எந்தத் துண்டுக் கடதாசியிலும் முதலில் பிள்ளையார் சுழி போடாமல் அருள்நாயகி பேனையை நகர்த்த மாட்டாள். மரக்கறிக் கணக்குக்கும் சுழி உண்டு. தாள் சின்னது, மேலே இடமில்லை, விலைக்கு முன்னால் ஒட்டினாற்போலச் சுழி போட்டிருந்தாள். உ, அதன் வாலில் இடித்தபடி எட்டு, பிறகு ஐந்து.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"ரெண்டு" என்றார் நமசிவாயம் மெல்ல. "ரெண்டு மாதிரித்தான் கிடக்கு."

"அது பிள்ளையார்!"

"அருள், எனக்குத் தெரியும் அது பிள்ளையார்ன்னு. நான் வேதக்காரி, எனக்கே தெரியும். அந்த வெள்ளக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏன் தெரியாது? இஞ்சை பார்சல் தைக்க முதல் ஆமிக்காரன் எல்லாத்தையும் கிண்டிப் பாத்தவன். இந்த பில்லையும் எடுத்து, 'மே மொகத அக்கே?' எண்டு சிங்களத்திலை இதைத்தான் விரலாலை காட்டிக் கேட்டவன். ஏதோ புலியின்ர அடையாளம் எண்டு நினைச்சானோ தெரியாது. 'கண தெய்யோ மல்லி' எண்டன். 'ஆ, கண தெய்யோ' எண்டு நெத்தியிலை தொட்டுப்போட்டுத் திருப்பித் தந்தவன். துவக்கோடை நிக்கிற பொடியனுக்குப் பிள்ளையாரைத் தெரியுது. கண்ணாடி அறைக்குள்ளை இருந்து வரி எழுதிறவனுக்குத் தெரியாதோ?"

"அவனுக்கு எண்தான் தெரியும்" என்றாள் மாக்ரெட். "தெரியாத எழுத்து எல்லாம் அவனுக்குக் காசு."

"பெரிய கடைக்காரருக்கு இந்தக் கரைச்சல் இல்லையோ?"

"அவங்க அந்த நாட்டுலயே கிட்டங்கி போட்டு அடுக்கி வச்சிருக்காங்க. கொண்டெய்னர்ல வரும்போதே வரி கட்டி, விலைக்குள்ள மறைச்சிருவாங்க. வாங்குறவனுக்கு வரி கண்ணுலயே படாது. வாசல்ல மாட்டுறது ஒன்னு ரெண்டா அனுப்புற நம்ம மாதிரி ஆளுங்கதான்."

"சரி, சரி" நமசிவாயத்துக்குத் தான் பேசாத ஒவ்வொரு நிமிடமும் வீண். "இதுக்கு ஒரு வழிதான். வாங்கின மனுசி அந்தக் கந்தோருக்கு எழுதோணும். விலை எண்பத்தைஞ்சுதான், மற்றது கடவுள் எண்டு. வரி குறையும். மனுசி ஆறும். முறைப்பாட்டை எடுக்கும். போன் எடு பிள்ளை."

ஹமீமாவின் கொமினிகேஷன் காலி வீதியில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் முனையில் இருந்தது. இரண்டு பலகைக் கூண்டு, ஒரு பக்ஸ் மெஷின், சுவரில் எந்த நாட்டுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு என்ற அட்டை. வெள்ளவத்தையின் கண்ணீரில் பாதி அந்தக் கூண்டுகளுக்குள் சிந்தியது. அதற்கும் நிமிடக் கணக்கு.

"லண்டன் லைன் இண்டைக்கு நல்லா ஈக்கிது" என்றாள் ஹமீமா. "பெரிய கூண்டுக்குப் போங்கொ. மூணு பேருக்கும் கேக்கத்தான் வேணுமெண்டா ஸ்பீக்கரப் போட்டுத் தாறன். சத்தமாப் பேச வாணாம், வெளிய கஸ்டமர் ஈக்கிறாங்க."

லண்டனில் காலை ஒன்பதரை. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ, ஆர்?"

"லோஜினி அக்காவோ? நான் அருள்நாயகி. வெள்ளவத்தையிலை இருந்து."

"எந்த அருள்நாயகி?"

"சீலை அருள்நாயகி, அக்கா."

"ஓ! சீலையோ. என்ர சீலை போஸ்ற் ஒப்பிஸிலை மறியலிலை கிடக்குது. தொண்ணூற்றியெட்டுப் பவுண் கட்டினால்தான் பிணையிலை விடுவாங்களாம். சனிக்கிழமை இவற்ர தமையன்ர மகள் பெரிசானதுக்குச் சாமத்தியவீடு. குதிரை வண்டில், ஹோல், நானூறு சனம். நான் என்னத்தைச் சுத்திக்கொண்டு போறது?"

"அதுக்குத்தான் அக்கா எடுத்தனான். அவங்கள் விலையைப் பிழையா வாசிச்சிட்டாங்கள். பில்லைப் பாருங்கோ, நான் போட்டது எண்பத்தைஞ்சு. முன்னாலை கிடக்கிறது பிள்ளையார் சுழி."

"எனக்குத் தெரியாதே சுழி? மகள்தான் ரெண்டெண்டு வாசிச்சு, 'அம்மா, உங்களட்டை எண்பத்தைஞ்சை வாங்கிப்போட்டு பில்லிலை இருநூற்றி எண்பத்தைஞ்சு போட்டிருக்கிறா, இது ஏதோ பிரோட்' எண்டு அந்த ரிமார்க்கை எழுதினவள்."

"அப்ப நீங்கள் மகளுக்குச் சொல்லுங்கோ அக்கா. வரிக் கந்தோருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கோ. எண்பத்தைஞ்சு பவுணுக்கு வாங்கினனான் எண்டு. வரி கால்வாசியா இறங்கும்."

ஸ்பீக்கரில் லோஜினியின் குரல் தணிந்தது.

"வாங்கினனான் எண்டு எழுதினால், பிறகேன் கிப்ட் எண்டு போட்டிருக்கு எண்டு கேப்பாங்கள்."

"ஓம் அக்கா, கேப்பாங்கள்."

"நான் என்ன சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. 'தங்கச்சி, கிப்ட் எண்டு போடும், பத்துப் பவுண் எண்டு போடும், இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான்' எண்டு நீங்கள்தானே போனிலை..."

"போனிலை ஆயிரம் கதைக்கிறது! அதுக்குப் பேப்பர் இருக்கோ?"

மாக்ரெட் அருள்நாயகியின் கையைக் கிள்ளினாள். நமசிவாயம் "மெதுவா, மெதுவா" என்று வாயசைத்தார்.

"பேப்பர் இல்லை அக்கா."

"இல்லைத்தானே. இஞ்சை பாரும் தங்கச்சி, எனக்கு உம்மோடை ஒரு கோபமும் இல்லை. ஊர்ச் சனம், யுத்தத்துக்குள்ளை இருந்து கஷ்டப்படுறியள் எண்டுதான் உம்மட்டை வாங்கினனான். இஞ்சை கடையிலை இதே சீலை நூற்றைம்பது. எனக்கு அது பெரிய காசில்லை."

"தெரியும் அக்கா" என்றாள் அருள்நாயகி. "அந்தப் பெரிசில்லாத காசை மிச்சம் பிடிக்கத்தானே கிப்ட் எண்டு போடச் சொன்னியள்."

நமசிவாயம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாய் காட்டாதையும். நான் ஒரு வழி சொல்லுறன். நீர் ஒரு கடிதம் எழுதித் தாரும், அந்தக் கந்தோருக்கு. விலை எண்பத்தைஞ்சு. கிப்ட் எண்டு எழுதினது முழுக்க என்ர சொந்த யோசனை, வாங்கினவவுக்கு ஒண்டும் தெரியாது எண்டு. கடை ஸ்ராம்பும் குத்தும். எங்கட அவர் இஞ்சை கவுன்சிலிலை பெரிய வேலை. பொய் டிக்ளரேஷன் ஒண்டிலை என்ர பேர் வரேலாது. கடிதம் வந்த கையோடை மகளைக் கொண்டு ரிமார்க்கை எடுப்பிக்கிறன். தமையன்ர கடையிலை பக்ஸ் இருக்கு, இவரும் இண்டைக்கு லீவிலை அங்கைதான், நம்பரை எழுதும்."

அருள்நாயகி நம்பரை எழுதினாள். பழக்கம், தாளின் தலையில் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதினாள்.

"எழுதுறீரோ?"

"பத்து நிமிஷம் பொறுங்கோ அக்கா. லைனிலை திரும்ப வாறன்."

போனை வைத்ததும் நமசிவாயம் மலர்ந்து போனார்.

"முடிஞ்சுது! மனுசி எவ்வளவு தன்மையாக் கதைக்கிறா. ஒரு வசனம், ஒரு ஸ்ராம்ப். உன்ர பக்கம் தப்பிச்சுது. எழுதிக் குடு பிள்ளை."

"அங்கிள், கிப்ட்ன்னு எழுதச் சொன்னவங்க ரெண்டு பேர். ஒருத்தங்க லண்டன்ல இருக்காங்க. மத்தவரு யாருன்னும் கடிதத்துல எழுதவா?"

"என்னை ஏன் இழுக்கிறாய்? நான் அறிவுரை சொன்னனான். அறிவுரைக்கு ஸ்ராம்ப் இல்லை."

"மாக்ரெட்" அருள்நாயகி கூண்டின் பலகையில் சாய்ந்து நின்றாள். "அந்தக் கடிதத்தை நான் எழுதினால் என்ன நடக்கும்? சும்மா சொல்லு, ஆறுதல் வேண்டாம்."

"பக்கம் இருக்கும். ஆனா அந்த நாட்டுச் சுங்கத்துல 'அருள்நாயகி சில்க்ஸ், நானே பொய் எழுதினேன்'ன்னு உன் ஸ்ராம்போட ஒரு தாள் இருக்கும். அதுக்குப் பிறகு உன் பேர்ல போற ஒவ்வொரு பார்சலையும் திறப்பாங்க. கடை திறந்திருக்கும், சாமான் போகாது."

"எழுதாட்டி?"

"நாளைக்கு ராத்திரி பக்கம் போயிரும்."

"அப்ப ரெண்டிலையும் நான்தான் போறன். அந்த மனுசிக்கு ஒரு மயிரும் போகாது."

"ஓ. குதிரை வண்டியும் போகாது."

வெளியே ஹமீமா கண்ணாடியைத் தட்டினாள். "என்ன, பேசி முடிஞ்சா? கூண்டுக்குள்ள நிண்டு யோசிக்கிறதெண்டா அதுக்கும் காசு போடுவன்."

"இன்னொரு லண்டன் இருக்கு ஹமீமா. அதோடை ஒரு பக்ஸ். ஒரு வெள்ளைத் தாளும் தாங்கோ."

"ஒண்டு போதுமா?"

"உண்மைக்கு ஒண்டு போதும்."

அருள்நாயகி சொன்னாள், மாக்ரெட் ஆங்கிலத்தில் எழுதினாள். சேலையின் விலை எண்பத்தைந்து பவுண். பில்லில் எண்ணுக்கு முன்னால் இருப்பது எங்கள் கடவுளின் அடையாளம், எண் அல்ல. அதை அங்கே போட்டது என் பிழை. அன்பளிப்பு என்று எழுதச் சொன்னது வாங்கியவர் லோஜினி. அதைக் கேட்டு எழுதியது நான். இரண்டு பேரும் செய்தது பிழை. சரியான வரியைப் போடுங்கள். அதில் பாதியை நான் கட்டுகிறேன்.

"பாதியோ?" நமசிவாயத்தின் குரல் கீச்சிட்டது. "விசரி! வாங்கினவ கட்டவேண்டிய வரி. விக்கிறவள் கட்டிறதெண்டு எந்தச் சட்டத்திலை இருக்கு?"

"ஒரு சட்டத்திலையும் இல்லை அத்தான். வாசலிலை வரி இருக்கெண்டு எனக்குத் தெரியும், பக்கத்திலை ஒரு வரி எழுதேல்லை. எழுதினால் வாங்க மாட்டினம் எண்டு பயம். அந்தப் பயத்துக்கு நான் கட்டுறன்."

"இதை அனுப்பினால் அவ ரிமார்க்கை எடுக்க மாட்டா!"

"ஓம், எடுக்க மாட்டா எண்டுதான் நானும் நினைக்கிறன்."

"பிறகேன் அனுப்பிறாய்?"

அருள்நாயகி வெற்றிலையை மென்று துப்புகிற மாதிரி அவரை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான். மாக்ரெட் தாளை நீட்டினாள்.

"மேல சுழி போடுறதுன்னா நடுவுல போடு. நல்லா இடம் விட்டு. இல்லாட்டி கடிதத்தையும் ரெண்டு கடிதம்ன்னு எண்ணுவான்."

அருள்நாயகி சிரித்தாள். அன்று முதல் தடவை. சுழியை நடுவில் போட்டாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, ஸ்ராம்பையும் குத்தாமல், தாளை ஹமீமாவிடம் கொடுத்தாள். பக்ஸ் மெஷின் அதை ஓரமாகப் பிடித்து இழுத்து, கரகரவென்று விழுங்கத் தொடங்கியது.

மற்ற லைனில் லோஜினியின் வீட்டு மணி அடித்தது.

"ஹலோ. ஓம், தங்கச்சி, எழுதிப்போட்டீரோ? இவர் கடையிலைதான் நிக்கிறார், மற்றப் போனிலை சொல்லுறார், ஏதோ வருதாம். பொறும், வாசிக்கச் சொல்லுறன்... இங்கிலிஷிலை இருக்கோ? நல்லது... இஞ்சருங்கோ, என்ன போட்டிருக்கு? ... என்ன? ... என்ர பேரோ? ... தங்கச்சி! என்ன இது? நான் என்ன சொன்னனான், நீர் என்ன எழுதி வைச்சிருக்கிறீர்? கையெழுத்துக்கூட இல்லை!"

"ஓம் அக்கா, கையெழுத்து இன்னும் வைக்கேல்லை" என்றாள் அருள்நாயகி. "அதிலை எந்தச் சொல்லுப் பொய்யோ அதை நீங்களே வெட்டி எனக்குத் திருப்பி அனுப்புங்கோ, மிச்சத்துக்கு நான் வைக்கிறன்."